தண்ணீர் தாக்குப்பிடிக்குமா? நீர் அமைப்புகளும் மக்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்ணீரைப் பற்றி எங்கே பேசப் போனாலும் சில கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றை இங்கே தொகுத்து, எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்லியிருக்கிறேன். ‘நீர் அமைப்பு’ என்று நான் எழுதும் இடங்களில் அணை, குழாய், பம்பு, கிணறு ஆகியவற்றோடு அவற்றைத் திறந்து மூடுகிறவர்கள், பங்கிடுகிறவர்கள், குடிக்கிறவர்கள் எல்லோரையும் சேர்த்தே சொல்கிறேன். வறட்சியோ வெள்ளமோ வரும்போது எந்த ஊர் நிற்கும், எந்த ஊர் விழும் என்பது பெரும்பாலும் நல்ல மழை பெய்த ஆண்டுகளில் அங்கே என்ன செய்தார்கள் என்பதைப் பொறுத்தே அமைகிறது. கீழே உள்ள பதில்களில் இது பல இடங்களில் வரும்.

‘மீள்திறன்’ என்கிறார்களே, பழைய நிலைக்குத் திரும்புவதைத்தான் அப்படிச் சொல்கிறார்களா?

சொல்லைக் கேட்டால் அப்படித்தான் தோன்றும். வளைத்த மூங்கில் நிமிர்வதைப் போல என்று விளக்கமும் சொல்வார்கள். ஆனால் மூங்கிலை வளைத்த கை விலகிவிடும். ஏறிக்கொண்டிருக்கும் வெப்பநிலை அப்படி விலகப்போவதில்லை. கனடா நாட்டுச் சூழலியலாளர் சி.எஸ். ஹோலிங் 1973இல் எழுதிய கட்டுரையில் இதைப் பிரித்துக் காட்டினார். ஓர் அமைப்பு எவ்வளவு சீக்கிரம் பழைய இடத்துக்கு வருகிறது என்பது ஒரு கேள்வி. எவ்வளவு அடி வாங்கியும் உள்ளுறவுகள் குலையாமல் நிற்கிறது என்பது இன்னொரு கேள்வி. தண்ணீர் விஷயத்தில் இரண்டாவதுதான் நமக்கு வேண்டும். நேற்றுவரை ஆற்றை மட்டும் நம்பியிருந்த நகரம் நாளை பாதி ஆற்றுநீரும் பாதி சுத்திகரித்த நீருமாக மாறியிருக்கலாம். அது பழைய நிலை இல்லை. ஆனாலும் கடைசித் தெருவின் கடைசி வீட்டுக்கும் குடிக்கத்தக்க நீர் போகிறது என்றால் அந்த நகரம் தாக்குப்பிடித்துவிட்டது. எனக்கு ‘தாக்குப்பிடித்தல்’ என்ற பழகிய சொல்லே பிடித்திருக்கிறது.

பஞ்சமும் வெள்ளமும் காலங்காலமாக வருபவைதானே? இப்போது என்ன புதிது?

வருபவைதான். ஆனால் எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரும், எவ்வளவு பெரிதாக வரும் என்ற கணக்கு மாறிவிட்டது. காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடானால் அது தாங்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 சதவீதம் கூடுகிறது. அதனால் கொட்டும்போது அதிகமாகக் கொட்டுகிறது. காயும்போது மண்ணிலிருந்தும் ஏரியிலிருந்தும் நீரை வேகமாக உறிஞ்சியும் கொள்கிறது. ஆண்டு மழையளவு மாறாத ஊரிலும் பெய்யும் நாட்கள் குறைந்து, ஒரே நாளில் பெய்வது கூடலாம். கால்வாயும் மதகும் பழைய மழைக்கு அளவெடுத்துக் கட்டியவை.

அந்த அளவெடுப்பே தவறிப்போவதற்குக் கொலராடோ ஆற்றைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. அமெரிக்காவின் ஏழு மாநிலங்களுக்கு அதன் நீரைப் பங்கிட 1922இல் உடன்பாடு எழுதினார்கள். மேல்படுகைக்கு ஆண்டுக்கு 75 லட்சம் ஏக்கர் அடி, கீழ்ப்படுகைக்கு 75 லட்சம். (ஓர் ஏக்கர் நிலத்தில் ஓரடி உயரம் நிற்கும் நீரே ஓர் ஏக்கர் அடி.) மெக்சிகோவுக்கு 15 லட்சம் என்று 1944இல் இன்னோர் ஒப்பந்தம் வந்தது. ஆற்றில் எவ்வளவு நீர் வரும் என்று பார்க்க அவர்கள் எடுத்துக்கொண்ட ஆண்டுகளோ வழக்கத்தைவிட ஈரமானவை. இல்லாத நீரைக் காகிதத்தில் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். பழைய மரங்களின் வளையங்களை அளந்து அந்தக் கால நீர்வரத்தைக் கணித்த ஆய்வாளர்கள் பிற்பாடு இதை உறுதிசெய்தார்கள். 2000க்குப் பின் நீண்ட வறட்சி வந்தது. அந்த ஆற்றின் ஹூவர் அணைக்குப் பின்னால் உள்ள மீட் ஏரி 2022 ஜூலையில், அது முதன்முதலாக நிரம்பிக்கொண்டிருந்த 1937க்குப் பிந்தைய மிகத் தாழ்ந்த மட்டத்துக்கு இறங்கியது.

கடந்த காலப் பதிவை வைத்து வருங்காலத்தை அளக்கும் வழக்கம் செத்துவிட்டது என்று 2008இல் ‘சயன்ஸ்’ இதழில் நீரியலாளர்கள் சிலர் வெளிப்படையாகவே எழுதினார்கள்.

கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை ஒன்றைக் கட்டிவிட்டால் தீராதா?

ஒரே மூலத்தைக் கைவிட்டு இன்னொரு ஒற்றை மூலத்தைப் பிடிப்பதில் என்ன லாபம்? ஆலைக்கு மழை வேண்டாம், ஆனால் மின்சாரம் வேண்டும், கடலில் எண்ணெய் படலம் இல்லாமல் இருக்க வேண்டும், பணமும் வேண்டும். நான் பார்ப்பது, ஓர் ஊரின் நீர் மூலங்கள் ஒரே காரணத்தால் ஒரே நேரத்தில் கெட்டுப்போகுமா என்பதைத்தான். ஒரே மலைத்தொடரில் பெய்யும் மழையை நம்பி ஐந்து அணை கட்டியிருந்தால், வறட்சியின்போது அவை ஐந்தும் சேர்ந்தே காயும்.

நமீபியாவின் தலைநகர் விண்ட்ஹுக் 1968லேயே கழிவுநீரைச் சுத்திகரித்து நேராகக் குடிநீரில் சேர்க்கத் தொடங்கிவிட்டது. பாலைவனத்துக்கு அருகே இருக்கும் அந்த நகரத்துக்கு அது இன்றும் கைகொடுக்கிறது. மழை பொய்த்தாலும் மக்கள் குளிப்பதும் துவைப்பதும் நிற்பதில்லையே! சிங்கப்பூரும் 2003இல் கழிவுநீரைச் சுத்திகரித்து ‘நியூவாட்டர்’ என்ற பெயரில் வழங்கத் தொடங்கியது. அங்கே மழைநீர், மலேசியாவிலிருந்து வாங்கும் நீர், மறுசுழற்சி நீர், கடல்நீர் என்று நான்கு வழிகளை வைத்திருக்கிறார்கள்.

ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் கதை கொஞ்சம் சிக்கலானது. 1990களின் பிற்பகுதியில் தொடங்கிய நெடிய வறட்சியின் நடுவே பெரிய கடல்நீர் ஆலைக்கு முடிவெடுத்தார்கள். 2012 டிசம்பரில் வேலை முடிவதற்குள் நல்ல மழை வந்து அணைகள் தேறிவிட்டன. சோதனை ஓட்டத்துக்குப் பின் 2017 வரை அதிலிருந்து நீர் எடுக்கப்படவில்லை, ஆலைக்கான கட்டணத்தை மட்டும் மக்கள் கட்டினார்கள். வீண் செலவு என்று பலர் கோபப்பட்டார்கள். பின்னால் அந்த நீரும் பயன்பட்டது. நான் அதை வீண் என்று சொல்லமாட்டேன். ஆனால் அதே வறட்சியில் அங்கே நடந்த இன்னொன்றைத்தான் அதிகம் மதிக்கிறேன். ஆளுக்கு நாளொன்றுக்கு 155 லிட்டர் என்று 2008 இறுதியில் நகரம் ஓர் இலக்கு வைத்தது. அதை வீடுகளே முன்வந்து எட்டிப் பிடித்தன.

நீர் அமைப்பு முதலில் எங்கே உடைகிறது?

யாரும் பார்க்காத இடத்தில். ஒரு முறை ஒரு நீரேற்று நிலையத்தின் மாற்று மின்னாக்கியைப் பார்க்கப் போயிருந்தேன். புத்தம் புதிதாக, உறை பிரிக்காத மாதிரி இருந்தது. பேட்டரி முனைகளில் மட்டும் வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்திருந்தது. ஓட்டிக் காட்டச் சொன்னோம். ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். வாங்கிய நாளில் ஓட்டியதோடு சரி. அன்றைக்கு மின்சாரம் இருந்ததால் ஒன்றும் கெடவில்லை. புயல் நாளாக இருந்திருந்தால் அந்த வட்டாரமே தண்ணீரின்றி நின்றிருக்கும். மாதம் ஒருமுறை அரை மணி நேரம், சும்மா இல்லாமல் பம்பை இழுக்க வைத்தே ஓட்ட வேண்டும் என்பதற்காக அங்கேயே உட்கார்ந்து அட்டவணை எழுதினோம்.

மின்சாரமும் தண்ணீரும் ஒட்டிப் பிறந்தவை. 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் கடுங்குளிரால் மின்சாரம் போனது, கூடவே குழாய்கள் வெடித்தன, அழுத்தம் விழுந்தது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கும்படி ஆனது.

இன்னொன்று, கிருமியைக் கொல்ல நீரில் கலக்கும் குளோரின். கனடாவின் வாக்கர்ட்டன் என்ற சிற்றூரில் 2000 மே மாதம் பெருமழை பெய்து, பண்ணை உரத்தில் இருந்த ஈ.கோலி கிருமி ஆழமற்ற ஒரு கிணற்றில் இறங்கியது. குளோரின் ஒழுங்காகக் கலந்து, நீரில் அது எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று தினமும் ஒழுங்காகச் சோதித்திருந்தால் தெரிந்திருக்கும். அது நடக்கவில்லை. 7 பேர் இறந்தார்கள், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். பெருமழை எங்கும் பெய்யும். சோதிக்காமலே எண்ணை எழுதிவைக்கும் பழக்கம்தான் அதைச் சாவாக மாற்றியது.

பற்றாக்குறையில் விட்டுவிட்டுத் தண்ணீர் திறப்பது சிக்கனம்தானே?

பார்க்க அப்படித் தெரியும். குழாயில் அழுத்தம் இருக்கும்வரை விரிசலில் நீர் வெளியே கசியும். அழுத்தம் போனதும் அதே விரிசல் வழியாக வெளியே தேங்கிய சாக்கடை உள்ளே வரும். மறுபடி திறக்கும்போது அதுதான் முதலில் வீட்டுக்கு வந்து சேர்கிறது. திறந்து மூடும் அதிர்ச்சியில் புது விரிசலும் விழும். மக்களும், எப்போது வருமோ என்று குழாயைத் திறந்தபடியே விடுவார்கள், பிடித்துவைத்த நேற்றைய நீரைக் கொட்டிவிட்டுப் புதிதாகப் பிடிப்பார்கள். மேட்டிலும் கடைமடையிலும் இருப்பவர்களுக்கு எட்டுவதற்குள் நேரம் முடிந்துவிடும். முடிந்தவரை அழுத்தத்தைக் குறைத்தாவது இடைவிடாமல் ஓட விடுவதே மேல்.

வேறு வழியே இல்லை என்றால் நேரத்தை முன்கூட்டியே சொல்லி, சொன்னபடி திறக்க வேண்டும். வீட்டில், முதலில் வரும் கலங்கல் நீரைக் கழுவத் தனியாகப் பிடியுங்கள். குடிநீரைக் கைவிட்டு மொள்ள முடியாத குறுகிய வாய்ப் பாத்திரத்தில், முடிந்தால் குழாய் வைத்ததில் சேமியுங்கள். குளோரின் சோதிக்கும் சிறு பெட்டி ஒன்று தெருவுக்கு ஒன்றாவது இருந்தால் நல்லது. கண்ணாடிக் குழலில் குழாய் நீரை நிரப்பி மாத்திரையைப் போட்டுக் குலுக்கினால் இளஞ்சிவப்பு நிறம் வரும். அதை அட்டையோடு ஒப்பிடுங்கள். லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் வரை காட்டினால் நிம்மதி. நிறமே வரவில்லை என்றால் பாதுகாப்புப் போய்விட்டது, கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும்.

மக்களே கூடிப் பங்கிடுவதெல்லாம் இந்தக் காலத்துக்கு நடக்குமா?

நடக்கிறது. பல நூற்றாண்டுகளாக நடக்கிறது. ஸ்பெயினின் வலென்சியாவில் வயல்களுக்கான நீர்த் தகராறுகளை விசாரிக்கும் நீர் மன்றம் வியாழன்தோறும் நண்பகலில் தேவாலய வாசலில் கூடுகிறது. எல்லாம் வாய்மொழி. தீர்ப்பும் அங்கேயே. நீதிபதிகள் அந்தந்தக் கால்வாயின் விவசாயிகள் தேர்ந்தெடுத்தவர்கள்.

பொதுச் சொத்தை மக்கள் சேர்ந்து பாதுகாக்க முடியாது, அரசோ தனியாரோதான் வேண்டும் என்ற எண்ணத்தை வாழ்நாள் முழுக்கக் களத்தில் சோதித்தவர் எலினோர் ஆஸ்ட்ரம். 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற முதல் பெண் அவர். நேபாளத்தில் அவர் கண்டதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். ஆற்றுநீரைக் கால்வாய்க்குத் திருப்ப விவசாயிகள் கல்லும் மண்ணும் கொண்டு கட்டிய தடுப்பு ஆண்டுதோறும் வெள்ளத்தில் போய்விடும். அதை மறுபடி கட்ட எல்லோருடைய உழைப்பும் வேண்டும். தலைமடைக்காரருக்குக் கடைமடைக்காரரின் கை தேவைப்பட்டது, அதனால் கடைமடைக்கும் நீர் போனது. பொறியாளர்கள் வந்து உறுதியான கான்கிரீட் தடுப்பு கட்டிக் கொடுத்தார்கள். ஆண்டு வேலை நின்றது. தலைமடைக்காரருக்கு இனி யார் தயவும் வேண்டாம். கடைமடை காய்ந்தது. கட்டடம் தேறியது, ஏற்பாடு சிதைந்தது.

கான்கிரீட் கூடாது என்று இதைப் படிக்கக் கூடாது. எதைக் கட்டினாலும், அது யாருக்கு யார் மீதிருந்த பிடியை அறுக்கிறது என்று முன்கூட்டியே கேட்க வேண்டும். நீண்ட காலம் நீடித்த ஏற்பாடுகளில் ஆஸ்ட்ரம் கண்ட பொதுத் தன்மைகளும் எளியவைதான். விதிக்குக் கட்டுப்படுகிறவர்களே அதை வகுக்கிறார்கள். கண்காணிப்பவர் அவர்களுக்குப் பதில் சொல்கிறார். முதல் தவறுக்குச் சிறு தண்டம், அடுத்ததற்குப் பெரிது. தகராறைத் தீர்க்க அதிகம் அலைய வேண்டியதில்லை.

இந்தோனேசியாவின் பாலித் தீவில் உள்ள ‘சுபக்’ என்ற பாசன அமைப்பும் இங்கே நினைவுக்கு வருகிறது. எந்த வட்டாரம் எப்போது நாற்று விடும், எப்போது வயலைக் காயப்போடும் என்பதை நீர்க் கோயில்கள் வழியாக விவசாயிகள் சேர்ந்து முடிவுசெய்வார்கள். 1970களில் விளைச்சலைக் கூட்ட, முடிந்த போதெல்லாம் நடுங்கள் என்று அரசு சொன்னது. ஒன்றாகக் காயப்போடுவது நின்றதும் பூச்சிக்கும் எலிக்கும் ஆண்டு முழுக்கத் தீனி கிடைத்தது. பயிர் அழிந்தது. பழைய முறை நீரோடு சேர்த்துப் பூச்சியையும் கட்டுக்குள் வைத்திருந்ததை மானிடவியலாளர் ஸ்டீபன் லான்சிங் கணினிக் கணக்கில் விளக்கிக் காட்டினார்.

பற்றாக்குறை வந்தால் யார் முதலில் விட்டுக்கொடுக்க வேண்டும்?

அதிகம் எடுப்பவர்கள். இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை.

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் 2015 முதல் மூன்று ஆண்டுகள் மழை பொய்த்தது. அணைகளின் நீர் 13.5 சதவீதத்துக்கு இறங்கினால் பெரும்பாலான வீட்டுக் குழாய்களை மூடிவிட்டு, ஆளுக்கு 25 லிட்டரை வரிசையில் நின்று வாங்க வைப்போம் என்று நகரம் அறிவித்தது. அதற்கு ‘பூஜ்ய நாள்’ என்று பெயர். 2018 பிப்ரவரி முதல் ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்று வரம்பும் வந்தது. 2015 தொடக்கத்தில் நாளுக்குச் சுமார் 120 கோடி லிட்டராக இருந்த நகரத்தின் பயன்பாடு 2018இல் பாதிக்கும் கீழே போனது. எந்தெந்த வீடுகள் வரம்புக்குள் இருக்கின்றன என்று வரைபடத்தில் பச்சைப் புள்ளி வைத்துக் காட்டினார்கள். மலைப்பக்க விவசாயிகள் தங்கள் அணையில் சேர்த்திருந்த நீரில் ஒரு பகுதியை நகரத்துக்குத் திறந்துவிட்டார்கள். பின்னர் மழை வந்தது. பூஜ்ய நாள் வரவில்லை.

இதைப் பெருமையாகச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வசதியுள்ளவர்கள் ஆழ்துளைக் கிணறு போட்டுத் தப்பித்துக்கொண்டார்கள். தெருக்குழாயில் வரிசையில் நின்று குடத்தில் பிடித்துப் போகும் பகுதிகளுக்கோ அந்தக் கட்டுப்பாடு எதுவும் புதிதில்லை. அவர்கள் என்றுமே அப்படித்தான் வாழ்ந்தார்கள். எல்லோரும் ஒரே சதவீதம் குறையுங்கள் என்று சொல்வது நியாயமாகக் காதில் விழும். 300 லிட்டர் எடுப்பவரிடம் பாதியைக் கேட்டால் தோட்டம் காயும். 30 லிட்டர் எடுப்பவரிடம் பாதியைக் கேட்டால் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வரும். எந்த அளவுக்குக் கீழே யாரையும் கேட்கக் கூடாது என்ற கோட்டை மழை நன்றாகப் பெய்கிற ஆண்டிலேயே போட்டுவிட வேண்டும்.

நிலத்தடி நீர் இருக்கிறதே, அது பஞ்சகாலச் சேமிப்பு இல்லையா?

சேமிப்புதான், நிரப்பினால். நல்ல ஆண்டில் ஊற விட்டு, கெட்ட ஆண்டில் எடுத்தால் அதைவிட மலிவான தொட்டி இல்லை, ஆவியாதலும் இல்லை. ஆண்டு முழுக்க உறிஞ்சினால் களிமண் படுகைகள் அழுந்திப்போகும். பிறகு எவ்வளவு மழை பெய்தாலும் அந்த இடம் திரும்பக் கிடைக்காது. மெக்சிகோ நகரம் இப்படித்தான் பல மீட்டர் அமிழ்ந்திருக்கிறது. கடலோரத்தில் இன்னும் மோசம், நன்னீர் இறங்கிய இடத்தில் உப்புநீர் புகுந்துவிடும்.

வெள்ளத்துக்குக் கரையை உயர்த்தினால் போதாதா?

உயர்ந்த கரை பயத்தைப் போக்கிவிடும். பயம் போனதும் அதன் அடியிலேயே வீடுகள் வரும். ஒருநாள் கரை மீறினால் முன்பைவிடப் பெரிய சேதம். அமெரிக்கப் புவியியலாளர் கில்பர்ட் வைட் 1940களிலேயே இதை எச்சரித்தார். கடலையும் ஆற்றையும் கரை கட்டியே வென்ற நெதர்லாந்துக்காரர்கள், 1995இல் ஆற்று வெள்ளத்துக்கு அஞ்சி ஏறத்தாழ 2,50,000 பேரை வெளியேற்ற வேண்டி வந்தபின் மனத்தை மாற்றிக்கொண்டார்கள். கரைகளைப் பின்னால் தள்ளி, துணைக் கால்வாய் வெட்டி, முப்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் ஆற்றுக்கு இடம் விட்டார்கள். சிலர் வீட்டையும் பண்ணையையும் விட்டு இடம்பெயர வேண்டியிருந்தது. அது சிறிய விலை அல்ல.

பராமரிக்காத அணை இன்னொரு பயங்கரம். 2023 செப்டம்பரில் லிபியாவின் டெர்னா நகருக்கு மேலே இருந்த இரண்டு அணைகள் ஒரே இரவில் உடைந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள்.

என் வீட்டுக்கு எவ்வளவு மழைநீர்த் தொட்டி வேண்டும்?

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 100 சதுர மீட்டர் கூரை, ஆண்டுக்கு 600 மில்லிமீட்டர் மழை என்றால் 60,000 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணாகும் என்று கழித்தாலும் 48,000 மிஞ்சும். இதைக் கேட்டு மகிழ்ந்து சின்னத் தொட்டி கட்டுவார்கள், இரண்டே மழையில் நிரம்பி வழியும். மழையே இல்லாத நாட்களை வைத்துத்தான் தொட்டியை அளக்க வேண்டும். நாலு பேர், குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஆளுக்கு 7.5 லிட்டர், 120 நாள் வறட்சி: 3,600 லிட்டர். குளிக்கத் துவைக்கவும் சேர்த்து ஆளுக்கு 50 என்றால் 24,000. பெரும்பாலான வீடுகளுக்கு முதல் கணக்கே போதும், மிச்சத்தை மண்ணில் இறக்குங்கள்.

வெள்ளம் வடிந்ததும் கிணற்று நீரைக் குடிக்கலாமா?

கூடாது. இறைத்து, குளோரின் போட்டு, சோதித்த பிறகுதான். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், ஆனால் எண்ணெயும் பூச்சிமருந்தும் போகாது.

எங்கள் பகுதியில் பத்துப் பேர்தான் அக்கறை உள்ளவர்கள். எங்கிருந்து தொடங்குவது?

பத்துப் பேர் தாராளம். ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் தண்ணீர் எங்கிருந்து புறப்படுகிறது என்று பார்த்து, அந்த இடத்திலிருந்து கடைசிக் குழாய்வரை நடந்து வாருங்கள். வால்வு எங்கே இருக்கிறது, எதை மூடினால் எந்தத் தெரு நிற்கும், சாவி யாரிடம் இருக்கிறது என்று காகிதத்தில் வரையுங்கள். பல இடங்களில் இந்த விவரம் ஓய்வுபெறப்போகிற ஒரே ஒருவரின் தலைக்குள் மட்டுமே இருக்கும். அவரோடு நடப்பது உத்தமம். கடைசிக் குழாய் வீட்டுக்காரரிடம் பத்து நிமிடம் பேசுங்கள். அமைப்பின் கோளாறு எல்லோருக்கும் முன்னால் அவருக்குத்தான் தெரியும்.

பிறகு ஒரு பொதுக் கிணற்றைத் தேர்ந்தெடுத்து, அளவு நாடாவின் நுனியில் கனமான ஒன்றைக் கட்டி இறக்குங்கள். நீரைத் தொட்டதும் ‘ளொப்’ என்று கேட்கும். விளிம்பிலிருந்து எத்தனை மீட்டர் என்று தேதியோடு சுவரில், எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதுங்கள். அடுத்த மாதம் அதே தேதியில் அதன் கீழே இரண்டாவது எண்ணை எழுதுங்கள். மூன்றாவது மாதம் அந்த வழியே போகிறவர்களே நின்று, ஏன் இறங்குகிறது என்று கேட்பார்கள்.